தாழ்ப்பாளைத் திறப்பது கையா, வாயுவா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கவனித்திருக்கிறீர்களா? கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் கதவு திறக்கும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். 'போல்ட் ஆக்‌ஷன்' எனப்படும் வேட்டை ரைபிள் இயங்குவதும் இப்படித்தான். 'போல்ட்' என்றாலே தாழ்ப்பாள்தானே!

ரைபிளுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரியும்போது, காற்று மண்டல அழுத்தத்தைப்போல 3,000 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் வாயு உண்டாகிறது. அது குண்டை முன்னால் தள்ளுகிறது. தோட்டாக் கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. குழலின் பின்வாய் இறுகப் பூட்டியிராவிட்டால் சுடுபவருக்கே ஆபத்து!

ஜெர்மானியரான பால் மௌசர் உருவாக்கிய 1898ஆம் ஆண்டு ரைபிளில், போல்ட்டின் முன்முனையில் இரு உருக்குப் புடைப்புகள் உண்டு. கைப்பிடியை மடக்கியதும் அவை அதற்கான பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும். சுட்டபின் போல்ட்டைத் திறந்து வெற்றுக்கூட்டை வெளியே தள்ளுவதும், அடுத்த தோட்டாவை ஏற்றுவதும் சுடுபவரின் கையே.

அரைத் தானியங்கி ரைபிளிலும் பூட்டு உண்டு. ஆனால் திறப்பது கையன்று. 1906இல் விற்பனைக்கு வந்த, அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த ரெமிங்டன் ரைபிள், பின்னுதைப்பையே வேலை வாங்கியது. பிற்காலத்தில் வந்த பலவற்றில் குழலின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். குண்டு அதைக் கடந்ததும் சிறிதளவு வாயு துளை வழியே புகுந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைத் திறக்கும். வெற்றுக்கூடு தெறித்து விழும். அழுந்திய சுருள்வில் மீண்டும் விரிந்து புதிய தோட்டாவை ஏற்றிவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை விசையை இழுக்க வேண்டும் என்பதால்தான் 'அரை'த் தானியங்கி.

இரண்டில் எது தோளை அதிகமாக உதைக்கும்? கணக்குப் போடுவோம். 10 கிராம் குண்டு வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் உந்தம் 8 அலகு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி 4 கிலோ ரைபிளுக்கும் எதிர்த்திசையில் அதே உந்தம் கிடைக்கும். ஆகவே அது வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். வாயுவும் வெளியேறுவதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடும். எடையும் தோட்டாவும் ஒன்றானால் இரு ரைபிளுக்கும் மொத்த உந்தம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அரைத் தானியங்கியில் போல்ட்டும் சுருள்வில்லும் அந்த உதையைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுகின்றன. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதில்லையா? அதேபோலத் தோளில் உதை மென்மையாகிறது.

அப்படியானால் போல்ட் ஆக்‌ஷனின் சிறப்பு என்ன? பாகங்கள் குறைவு. வாயுப் புகைக்கரி படியும் பிஸ்டன் இல்லை. துப்புரவு செய்வது எளிது. குழலில் வேறு உறுப்புகள் தொங்காததால் குறி பிசகாமல் செய்வதும் எளிது.

இவற்றைவிட முக்கியமான வேற்றுமை ஒன்றுண்டு. போல்ட் ஆக்‌ஷனில், அடுத்த குண்டுக்குமுன் கை வேலை செய்தாக வேண்டும். அந்த இடைவெளியில் வேட்டைக்காரர் சிந்திக்கலாம், விலங்கும் தப்பலாம். அரைத் தானியங்கியிலோ, சுட்ட மறுகணமே அடுத்த தோட்டா தயாராக நிற்கும். இதனால்தான், ஐரோப்பிய நாடுகள் 1979இல் பெர்ன் நகரில் செய்த வனவிலங்குப் பாதுகாப்பு உடன்படிக்கை, இரண்டுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியுள்ள அரைத் தானியங்கிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

கையின் வேலையை வாயுவிடம் ஒப்படைத்தது பொறியியலின் வெற்றி. சுடலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பை மட்டும் எந்த வாயுவிடமும் ஒப்படைக்க முடியாது அல்லவா?