ஷார்ப் நாலு, ஃபிளாட் அஞ்சு

கீபோர்டில் டோவுக்கும் ரேவுக்கும் நடுவே ஒரே ஒரு கறுப்புக் கட்டைதான். துருக்கியரின் மகாம் இசைக்கு அது போதாது. அரெல், எஸ்கி, உஸ்திலெக் என்ற மூவர் 20ஆம் நூற்றாண்டில் வகுத்த முறைப்படி, அந்த இடைவெளிக்குள் கோமா எனப்படும் 9 நுண்கூறுகள். ஒரு ஸ்தாயிக்கு 53. ஐந்து கோட்டுத் தாளில் இதை எழுத 1, 4, 5, 8 கோமா அளவுகளுக்குத் தனித்தனிக் குறிகள். 1 கோமா இறக்க வேண்டுமா, ஃபிளாட்டை இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள்.

வேடிக்கை, நமக்குப் பழகிய குறிகளில்தான். சாதாரண ஷார்ப் 4 கோமா ஏற்றும். சாதாரண ஃபிளாட்டோ 5 கோமா இறக்கும். ஓரவஞ்சனை போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: டோவிலிருந்து 4 ஏறினாலும் ரேயிலிருந்து 5 இறங்கினாலும் வந்து நிற்பது ஒரே இடம்!

ஷார்ப் எவ்வளவோ அவ்வளவே ஃபிளாட் என்ற நினைப்பில் எழுதிய மென்பொருள் இங்கே தடுக்கி விழும். நெதர்லாந்துக்காரர் இருவர் 1996இல் தொடங்கிய இலவச மென்பொருளான லிலிபாண்ட் விழவில்லை. அதில் இசையைத் தட்டச்சு செய்துதான் எழுத வேண்டும். மகாமுக்கென்று உள்ள கோப்பில் இரண்டு பட்டியல்கள்: எந்தச் சுரப்பெயருக்கு எவ்வளவு விலகல் (4/9, −5/9 என்று முழுத்தொனியின் பின்னமாக), எந்த விலகலுக்கு எந்த வடிவம். புதுக் குறி வேண்டுவோர் தங்கள் வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். 2016இல் வந்த டோரிகோ என்ற இசை எழுதும் மென்பொருளில் ஸ்தாயியை எத்தனை கூறாக்குவது என்பதையே பயனர் தீர்மானிக்கலாம்.

முன்பெல்லாம் இத்தகைய குறிகளுக்கு ஆளாளுக்கு ஓர் எழுத்துரு. பாமினியில் அடித்த கடிதம் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் என்ன பாடு பட்டதோ, அதே பாடுதான். 2013இல் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் பிரவூரா எழுத்துருவோடு அறிமுகப்படுத்திய ஸ்மூஃபில் தரம், துருக்கிக் குறிகளுக்கும் ஈரானின் கொரோன், சோரி என்ற குறிகளுக்கும் நிலையான எண் கொடுத்தது.

ஒலிதான் தகராறு. மின்னிசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியாக 1983இல் பிறந்த மிடிக்கு, அரைத்தொனிக்கு ஒன்றாக 128 எண்களே தெரியும். ஒரு கோமா விலக வேண்டுமானால் பெரும்பாலும் சானலையே வளைக்க வேண்டும். அதில் ஒலிக்கும் மற்றச் சுரங்களும் சேர்ந்து வளையும். அதனால் குறியை வெறும் படமாக அச்சிட்டுவிட்டு, பழைய கட்டையையே ஒலிக்கும் மென்பொருள்கள் உண்டு. அதைக் கேட்டுப் பழகும் மாணவரின் காது என்னாகும் என்று செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

தாளில் உள்ளபடி ஒலித்தாலும் தீராத வழக்கு ஒன்று உண்டு. உஷாக் மகாமில் 1 கோமா இறக்கம் என்று எழுதிய சேகாஹ் சுரத்தைப் பாடகர்கள் அதைவிடத் தாழ்த்தியே பிடிக்கிறார்கள். லிலிபாண்டில் அந்தப் பாட்டுக்கு மட்டும் இரு பட்டியல்களிலும் −1/9ஐ −2/9 ஆக்கினால், தாளில் அதே திருப்பிப் போட்ட ஃபிளாட் நிற்கும். ஒலி மட்டும் இறங்கும்.