நாடு கரைந்தபின்னும் தூது: ஆர்மீனியப் பேராளர்கள், 1918–1920

தூது பற்றி விரிவாகப் பேசும் திருக்குறள், தூதனை அனுப்பும் வேந்தன் ஒருவன் இருக்கிறான் என்பதை இயல்பாகவே கொண்டு பேசுகிறது. அனுப்பிய அரசே நிலைபெறாவிடில் தூதர் யார் சார்பில் பேசுகிறார்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மீனியர் எதிர்கொண்ட வினா இதுவே.

1918 மே 28இல் ஆர்மீனியக் குடியரசு உருவானது. 1915இல் ஒட்டோமான் ஆட்சியில் நிகழ்ந்த இனப்படுகொலையில் உயிர் தப்பிய ஏதிலியர் அப்புதிய நாட்டில் நிறைந்திருந்தனர். பாரிஸ் அமைதி மாநாட்டிற்கு ஆர்மீனியர் பெயரில் ஒன்றல்ல, இரண்டு குழுக்கள் சென்றன. குடியரசின் குழுவுக்கு எழுத்தாளர் அவெட்டிஸ் அகரோனியன் தலைமையேற்றார். ஒட்டோமான் ஆர்மீனியர் சார்பாகவும் புலம்பெயர்ந்தோர் சார்பாகவும் பேசியவர் எகிப்தைச் சேர்ந்த போகோஸ் நூபார் பாஷா. 1919 பிப்ரவரியில் இருவரும் இணைந்து கருங்கடல் முதல் மத்தியதரைக் கடல் வரை நிலம் கோரினர். யெரெவான் அரசு முதலில் எண்ணியிருந்ததைவிட இது மிகப் பெரிய கோரிக்கை. படைவலிமையற்ற நாடு இவ்வளவு கேட்டது அறியாமை என்பாருளர். எனினும் கேட்டவர்களுள் ஒரு சாரார் தம் ஊர்களை முற்றாக இழந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. 1920 ஆகஸ்டு 10இல் செவ்ர் உடன்படிக்கையில் அகரோனியன் கையொப்பமிட்டார். அது நடைமுறைக்கு வரவேயில்லை.

பாரிஸைவிட நம் கவனத்திற்குரியது யோக்கோஹாமா என்பது என் கருத்து. 1859இல் ரங்கூனில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த டயானா அப்கார், 1891இல் கணவருடன் ஜப்பானில் குடியேறினார். சிங்கப்பூரில் 1887இல் ராஃபிள்ஸ் விடுதியைத் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரரைப் போன்று இவரும் ஆசியத் துறைமுகங்களில் பரவியிருந்த ஆர்மீனிய வணிகச் சமூகத்தைச் சேர்ந்தவர். கணவர் 1906இல் மறைந்தபின் வணிகத்தைத் தாமே நடத்திக்கொண்டு, ஆர்மீனியர் துயர் குறித்து ஆங்கிலத்தில் நூல்களும் கட்டுரைகளும் எழுதினார்.

போர்க்காலத்தில் சைபீரியா வழியே விளாடிவஸ்தோக் வந்து, அங்கிருந்து ஜப்பானை அடைந்த ஏதிலியர் அமெரிக்கா செல்ல முயன்றனர். 1917இல் ரஷ்யப் பேரரசு வீழ்ந்தபின் அதன் ஆவணங்கள் மதிப்பிழந்தன. ஆவணம் இல்லாதவர் கரையிறங்கவும் இயலாது, கப்பலேறவும் இயலாது. அப்கார் அவர்களுக்குத் தங்குமிடம் தேடினார். ஜப்பானிய அதிகாரிகளிடமும் கப்பல் நிறுவனங்களிடமும் அவர்களுக்காகப் பேசினார். 1920இல் ஆர்மீனியக் குடியரசு அவரை ஜப்பானுக்கான மதிப்புறு கொன்சலாக நியமித்தது. ஆகவே, அந்நியமனம் ஒரு பணியைத் தொடக்கி வைக்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிக்குப் பெயர் சூட்டியது எனலாம். நாடற்றவருக்குக் கொன்சல் என்பவர் கொடியோ விருந்தோ அல்லர். ஒரு கையொப்பம், ஒரு முத்திரை, பொறுப்பேற்க ஓர் ஆள்.

அப்பதவியின் அடித்தளம் சில மாதங்களிலேயே சரிந்தது. 1920 டிசம்பரில் ஆர்மீனியா சோவியத் ஆட்சியின் கீழ் வந்தது. அதே மாதம் சர்வதேச சங்கம் அதன் உறுப்புரிமை விண்ணப்பத்தை ஏற்க மறுத்தது. 1923இல் கையெழுத்தான லொசான் உடன்படிக்கையில் ஆர்மீனிய நாட்டிற்கு இடமே இல்லை. அடுத்த ஆண்டு, ரஷ்ய ஏதிலியருக்கு 1922இல் வழங்கத் தொடங்கிய நான்சன் சான்றிதழ் ஆர்மீனியருக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு பெண்மணி தம் வீட்டிலிருந்து செய்த வேலையின் ஒரு பகுதி, இவ்வாறு அனைத்துலக ஏற்பாடாயிற்று. அப்கார் 1937இல் யோக்கோஹாமாவில் காலமானார்.