விழக் கற்றவன் அஞ்சான்

தேர்வு முடிவு வெளிவரும் நாளில் உணவு இறங்காமல் தவிக்கும் மாணவன், கடன் தவணை நெருங்குகையில் உறக்கமிழக்கும் தந்தை, சிறு பிழைக்கும் குழந்தைகள்மீது சீறும் தாய். மன இறுக்கம் தட்டாத வாயில் இல்லை எனலாம். இதனைத் தாங்கும் திறன் பிறவிக் கொடையா? பயிற்சியால் வருவதா? ஜப்பானியரின் ஜூடோக் கலை இவ்வினாவுக்கு நல்லதொரு விடை தருகின்றது.

1860-இல் பிறந்த கானோ ஜிகோரோ உருவத்தில் சிறியவர். பள்ளிப் பருவத்தில் வலியவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானவர். தம்மைக் காத்துக்கொள்ள ஜூஜுத்சு என்னும் பழைய மற்கலையைப் பயின்ற அவர், அதனைச் சீர்திருத்தி 1882-இல் தோக்கியோ நகரத்துப் புத்த ஆலயம் ஒன்றில் கொடோக்கான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அங்கு விரித்திருந்தவை பன்னிரண்டு பாய்களே. ஜூடோ என்பதற்கு ‘மென்மையின் வழி’ என்பது பொருள்.

இக்கலையில் புதியவனுக்கு முதலில் கற்பிப்பது எதிரியை வீழ்த்தும் முறையன்று. தான் விழும் முறை. இதனை உக்கேமி என்பர். மோவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காத்து, மூச்சை வெளிவிட்டு, கையால் பாயை அறைந்து விழுதல் வேண்டும். விழுந்துவிடக் கூடாதே என்று கையை விறைப்பாக ஊன்றுபவனுக்கே எலும்பு முறியும் அபாயம் மிகுதி.

வெள்ளைக் கச்சை அணிந்த புதியவன் எதிரியின் சட்டையை இறுகப் பற்றுவான், மூச்சை அடக்குவான், விரைவில் கைகள் சோர்ந்துவிடும். எதிரியைவிட அச்சமே அவனைக் களைப்படையச் செய்கின்றது. சில ஆண்டுகள் பயின்றவனுக்கு விழும் அச்சம் நீங்கி, தோற்கும் அச்சம் புகும். இளையவன் ஒருவன் வீழ்த்திவிட்டால் சினந்து பாய்ந்து, மீண்டும் வீழ்வான். கறுப்புக் கச்சை பெற்று நெடுநாள் பழகியவனுக்கும் போட்டிக்கு முன் நெஞ்சு படபடக்கவே செய்யும். ஆயினும் அவன் அதனோடு போராடுவதில்லை. பிடியைத் தளர்த்தி, மூச்சை நீள விடுவான். மூச்சு மெல்ல வெளியேறுகையில் இதயத் துடிப்புத் தணிவது உடலியல் உண்மை. பல்லாயிரம் முறை விழுந்து எழுந்தவனுக்கு மற்றொரு வீழ்ச்சி புதிதன்று.

வெற்றியும் மனத்திற்கு ஒரு சோதனையே. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்து வீரர் ஆன்டன் கீசிங்க், ஜப்பானியரான காமினாகாவை அவர்தம் நாட்டு மக்கள் முன்னிலையிலேயே வென்றார். மகிழ்ச்சி மேலீட்டால் அரங்கினுள் ஓடிவந்த தம் நாட்டவரைக் கீசிங்க் கையுயர்த்தித் தடுத்தார். தோற்றவரை வணங்கும் கடமை அவருக்கு எஞ்சியிருந்தது. பேருவகையிலும் நிலைகுலையாத அடக்கம் ஒரே நாளில் வாய்த்திராது.

பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கு வெல்லும் வழிகளையே ஓயாது கற்பிக்கின்றோம். விழும் முறையைக் கற்பித்தோமா? தேர்வில் தவறி, வீடு திரும்ப அஞ்சி, உயிரையே மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் படிக்கின்றோம். சிறு தோல்விகளை அவர்கள் இளமையிலேயே சந்திக்கட்டும்; நாம் தோற்ற கதைகளையும் அவர்கள் கேட்கட்டும். மதிப்பெண் குறைந்த தாளை மகன் நீட்டும் வேளையில், பேசுமுன் நாமும் ஒருமுறை மூச்சை நீள விடுவோம். எப்படி விழுந்தாலும் அச்சமின்றி வந்து சேரக்கூடிய வீடே, பிள்ளைக்காக நாம் விரித்து வைக்கும் பாய்.