சிறுகதை வகுப்பில் நூலாக்கப் பயிற்சி

மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் நடைபெறும் படைப்பிலக்கிய வகுப்புகளில் கதைக்கரு, பாத்திரப் படைப்பு, நோக்குநிலை ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. மாணவர் எழுதிய கதை திருத்தப்பெற்று மதிப்பெண் இடப்பட்டதும் வகுப்பு நிறைவடைந்து விடுகிறது. அக்கதையை நூலாக்குவது வகுப்பிற்குப் புறம்பான அலுவலாகவே கருதப்படுகிறது. நூலாக்கமும் எழுத்துப் பயிற்சியின் ஒரு கட்டமே என்பதும், நம் நாட்டுச் சூழலில் அதனை ஆசிரியரே கற்பிக்க வேண்டியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கும் வகுப்பிற்கும் உள்ள உறவு பழையது. 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பினை இலக்கிய வரலாற்று மாணவர் அறிவர். 1952-இல் அவ்விதழில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். இவ்விரு முயற்சிகளுக்கும் பின்னால் ஒரு நாளிதழ் அலுவலகம் இருந்தது. எழுதியவர் கதையைத் தாளில் எழுதி அனுப்பினால் போதும். அச்சுக்கோத்தலும் மெய்ப்புத் திருத்தமும் அங்கேயே நடந்தன. தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அத்தகைய அலுவலகங்கள் செய்துவந்த பணி இன்று பெரும்பாலும் எழுதுபவர் தலையிலேயே விழுகிறது. சொந்த வெளியீடே வழியாக உள்ள ஒரு மொழிச் சூழலில், நூலாக்கம் அறியாத எழுத்தாளர் பாதி எழுத்தாளரே எனலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது கணினிக் கோப்பு. மாணவர் கதைகளை ஒருங்குறியில் மட்டுமே பெறுதல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தொகுப்புகள் இன்று பொருளற்ற குறிகளாகத் திறக்கும் அவலத்தைப் பலரும் கண்டிருப்பர். ஒருங்குறியிலும் சில பிழைகள் கண்ணுக்குப் புலனாகா. ‘ஔவை’ என்பதனை ‘ஒ’ எழுத்தையும் ‘ள’ எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டி எழுதுவோர் பலர். தாளில் வேறுபாடு தெரியாது; தேடுபொறியில் அச்சொல் அகப்படாது. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ இடுவதும் இத்தகையதே. பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் மென்பொருளைப் பயன்படுத்துவோர், ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்னும் பத்தி அமைப்பைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். இல்லையெனில் கொம்பு எழுத்துக்கு முன்னே வராமல் பின்னே நிற்கும்.

இனி, வடிவம் கதையைத் தொடும் இடங்களுக்கு வருவோம். தேர்வுத்தாளில் எழுதிப் பழகிய மாணவர், இருவர் உரையாடலை ஒரே பத்தியில் அடைத்துவிடுகின்றனர். ஒவ்வொருவர் பேச்சையும் புதுவரியில் தொடங்கச் சொன்னவுடன், யார் பேசுகிறார் என்பதே தெளிவற்ற இடங்கள் வெளிப்படுகின்றன. ‘என்று கூறினான்’, ‘என்று வினவினாள்’ என்பனவற்றுள் பாதி தேவையற்றவை என்பதும் விளங்கும். காலமாற்றத்தைக் காட்ட இடப்படும் உடுக்குறிகளும் இவ்வாறே. ஆறு பக்கக் கதையில் ஐந்து இடங்களில் உடுக்குறி வருமாயின், அக்கதை நாவலுக்குரிய காலப்பரப்பைச் சுமந்து திணறுகிறது என்று பொருள். கையெழுத்துப் படியில் மறைந்திருக்கும் இக்குறை அச்சுப் பக்கத்தில் உடனே தெரியும். ஆகவே, இறுதித் திருத்தத்தைப் பக்கம் அமைத்த படியில் செய்வித்தலே பயன்தரும்.

சந்திப் பிழையைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ‘வேலை கொடுத்தான்’ என்பதற்கும் ‘வேலைக் கொடுத்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எல்லா வகுப்பிலும் கூறிவருகிறோம். இடர்ப்பாடு பேச்சுவழக்கில்தான் உள்ளது. ‘போகிறேன்’ என்பதன் பேச்சு வடிவத்தை ஒருவர் ‘போறேன்’ என்றும் மற்றொருவர் ‘போரேன்’ என்றும் எழுதுவர். ஒரே மாணவர் இரண்டையும் எழுதுவதும் உண்டு. இத்தகைய வடிவங்களுக்கு வகுப்பே ஒரு பட்டியல் ஆயத்தம் செய்து, தொகுப்பு முழுமைக்கும் பின்பற்றுதல் நன்று. ‘கிறு’ என்னும் இடைநிலையின் சிதைவாதலால் ‘ற’ நிற்கும் என்று விளக்கும்பொழுது இலக்கணமும் உடன் கற்பிக்கப்படுகிறது.

பாசார் மாலாம், கம்போங் முதலிய மலாய்ச் சொற்களை எவ்வாறு அச்சிடுவது என்னும் வினா ஒவ்வொரு தொகுப்பிலும் எழும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்துவதில்லை. மேற்கோள் குறி இடும் வழக்கம் பரவலாக உள்ளது; எனினும், பாத்திரத்தின் பேச்சில் அதனை இடுவது, அப்பாத்திரம் தான் நாள்தோறும் வழங்கும் சொல்லைக் கூச்சத்துடன் உச்சரிப்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. குறியின்றி அச்சிட்டு, அயல்நாட்டு வாசகர்க்காக நூலிறுதியில் சொற்பொருள் தருதலே தக்கது என்பது என் துணிபு.

பக்கக் கணக்கினையும் மாணவரே போடட்டும். பன்னிரு மாணவர், கதைக்கு 6 பக்கம், ஆக 72. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், முன்னுரை, பொருளடக்கம் ஆகியவற்றிற்கு 8 பக்கம் சேர்ப்பின் 80. பதினாறு பக்கம் ஒரு பாரம் எனின், சரியாக ஐந்து பாரம். ஒரு கதை ஏழாம் பக்கத்தில் நான்கு வரி நீண்டால், அடுத்த கதையை வலப்பக்கத்தில் தொடங்கும்பொருட்டு ஒரு பக்கம் வெறுமையாகிறது. ஆறாம் பாரமும் தேவைப்படுகிறது. அந்நான்கு வரிகளை நீக்கச் சொன்னால் மாணவர் முதலில் வருந்துவர். பின்னர்ப் பெரும்பாலும் கதையின் இறுதியில் தாம் எழுதிய விளக்கத்தையே நீக்குவர். ஆசிரியர் பன்முறை சொல்லியும் நடவாதது அச்சகச் செலவால் நடந்துவிடுகிறது.

சட்டம் சார்ந்த செய்திகளும் உள. 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் நூலில் இடம்பெறுதல் வேண்டும். அனைத்துலகத் தரநூல் எண்ணைத் தேசிய நூலகம் வழங்குகிறது. அச்சிடுவதற்கு முன்பே விண்ணப்பித்தல் வேண்டும். 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் நூலின் 5 படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கக் கட்டளையிடுகிறது. ஐம்பது படி அச்சிடும் வகுப்பிற்கு ஐந்து படி பெரிதாகத் தோன்றலாம். வெளியீட்டு விழா மண்டபத்தில் சிறப்பு விருந்தினர் பெற்றுச்செல்லும் படிகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை யாரும் அறியார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆய்வாளர் கைக்கு எட்டக்கூடியவை இவ்வைந்துமே.

இறுதியாக, உரிமை பற்றி ஒரு செய்தி. கதையின் பதிப்புரிமை எழுதிய மாணவருக்கே உரியது. துறை ஒருமுறை அச்சிடும் இசைவினை மட்டும் எழுத்துவழிப் பெற்றுக்கொண்டால் போதும். சிறுகதைப் போட்டிகள் பலவும் முன்னர் வெளிவராத கதைகளையே ஏற்கின்றன. வகுப்புத் தொகுப்பில் அச்சான கதை அத்தகுதியை இழக்கக்கூடும். வகுப்பின் மிகச் சிறந்த கதையை எழுதிய மாணவரே இதனால் பெரிதும் பாதிக்கப்படுவார் என்பதால், தொகுப்பில் எக்கதையைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் முன்னரே இதனை அவரிடம் தெரிவித்து, அவர் விரும்பின் அக்கதையை விடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்ளுதல் முறையாகும்.