ஐம்பது முறைக்கு மேல் இருப்பு பார்க்க முடியாதது ஏன்?

மாட்டுப்பட்டித் தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் கணக்கில் ஏறும் நாளில், கிளையில் இருப்பதைவிடக் கைப்பேசிகளில்தான் கூட்டம் அதிகம். பணம் வந்துவிட்டதா என்று அறியும் ஆவலில் காலை முதலே பலரும் யுபிஐ செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்தவண்ணம் இருப்பார்கள். அப்படியொரு நாளில் தொழிலாளர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "இன்றைய வரம்பு முடிந்தது என்று வருகிறதே சார், என் பணத்தைப் பார்க்க எனக்கே தடையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இருப்பு பார்ப்பது நமக்கு ஒரு தொடுகை. ஆனால் அந்தக் கேள்வி செயலியிலிருந்து கிளம்பி, இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் கணினிகள் வழியாக உங்கள் வங்கியின் மையக் கணினிக்குச் சென்று, விடையுடன் திரும்ப வேண்டும். ஒருவர் மருந்துக் கடையில் செலுத்தும் பணமும் இதே பாதையில்தான் செல்கிறது. 2025 ஆகஸ்டில் மட்டும் இப்பாதையில் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. இருப்பு கேட்கும் கேள்விகள் இக்கணக்கில் சேராதவை.

2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ நாடெங்கும் பல மணி நேரம் தடுமாறியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 'முன்பு அனுப்பிய பணம் சேர்ந்ததா?' என்ற நிலையறியும் கேள்விகள் சில வங்கிகளிடமிருந்து அளவுக்கு மீறி வந்து குவிந்ததே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. பணம் சேர்ந்ததா என்ற கேள்வியே பணம் செல்லும் வழியை அடைத்துவிட்டது! விடை தாமதமானால் மீண்டும் கேட்கிறோம். அதனால் தாமதம் இன்னும் கூடுகிறது. இணையத்திற்கு இது புதிய நோயன்று. 1986இல் அமெரிக்காவின் பெர்க்லியில், சில நூறு கெஜத் தொலைவிலிருந்த இரு இடங்களுக்கு இடையே, நொடிக்கு 32,000 பிட் சென்ற இணைப்பு இதே காரணத்தால் 40 பிட்டாகச் சுருங்கியது. விடை வராதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கணினிகளைப் பழக்கிய பிறகே நிலைமை சீரானது.

யுபிஐயில் இதற்கான கட்டுப்பாடுகள் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒரு வகை, எண்ணிக்கை வரம்பு. ஒரு செயலியில் ஒருவர் 24 மணி நேரத்தில் 50 முறை இருப்பு பார்க்கலாம். கைப்பேசி எண்ணுடன் இணைந்த கணக்குகளின் பட்டியலை 25 முறை பார்க்கலாம். நிலுவையிலுள்ள பரிவர்த்தனையின் நிலையை, இடைவெளி விட்டு, மூன்று முறைதான் கேட்கலாம். வரம்பைத் தாண்டிய கேள்வி வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். பணம் செலுத்துவதற்கும் இந்த வரம்புகளுக்கும் தொடர்பில்லை.

மற்றொரு வகையில் எதுவும் திருப்பி அனுப்பப்படுவதில்லை; சற்றுத் தேக்கி, சீராக விடப்படுகிறது. இதை விளக்க எங்கள் ஊர் அணையே போதும். மழை எப்போது கொட்டும் என்பது நம் கையில் இல்லை. 1924 பெருவெள்ளம் மாட்டுப்பட்டி வழியே ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே சிதைத்தது. அந்த ரயில் பிறகு ஓடவே இல்லை. அன்று இங்கு அணை இல்லை. இன்று மழைநீரைத் தேக்கி, கீழே பள்ளிவாசல் மின்நிலையத்திற்கு வேண்டிய அளவில் திறந்துவிடுகிறார்கள். தவணை, காப்பீடு, சந்தா முதலியவற்றுக்கான 'ஆட்டோபே' பற்றுகளையும் இவ்வாறே, நெரிசல் மிகுந்த காலை 10 முதல் பிற்பகல் 1 வரையிலும் மாலை 5 முதல் இரவு 9.30 வரையிலும் தவிர்த்து, மற்ற நேரங்களில் அனுப்புகிறார்கள். கடையில் நிற்பவர் காத்திருக்க இயலாது. மாதத் தவணை சில மணி நேரம் காத்திருக்கும்.

ஐம்பது என்பது தாராளமான எண்ணிக்கை என்றே நான் கருதுகிறேன். ஆனால் வரம்பு முடிந்தது என்று சொல்லும் செயலி, மீண்டும் எப்போது பார்க்கலாம் என்பதையும் தமிழில் சொன்னால் பாதிக் கோபம் தணியும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: ஒவ்வொரு பரிவர்த்தனை முடிந்ததும் மீதமுள்ள இருப்பை வங்கியே தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே ஏற்பாட்டின் பகுதி. அச்செய்தியைப் படித்தால் தனியே இருப்பு பார்க்கும் தேவை குறையும்.

மலைப்பகுதியில் சிக்னல் விட்டுவிட்டு வரும். 'நிலுவை' என்று காட்டினால் பணம் போகவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டும் சென்று சேர்ந்துவிடலாம். உங்கள் கணக்கில் பற்றாகி மறுமுனையில் சேராவிட்டால், தனிநபருக்கு அனுப்பியது அடுத்த நாளுக்குள்ளும் கடைக்குச் செலுத்தியது ஐந்து நாட்களுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. 2019இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி இது.

அந்தத் தொழிலாளரின் சம்பளம் வந்திருந்தது. மகளின் கல்விக் கடன் தவணை மறுநாள். தவணைப் பற்று காலை 10 மணிக்கு முன்பே வரக்கூடும் என்பதால் அன்றிரவே அத்தொகையைக் கணக்கில் விட்டுவைக்கச் சொன்னேன். முதல் முயற்சி தவறினாலும் மேலும் மூன்று முயற்சிகள் உண்டு. அதற்குப் பிறகும் பணம் இல்லையென்றால் அந்தப் பற்று தோல்வியாகும்.