உங்க நம்பர்ல கூப்பிட்டா எதிர்ல யார் பேர் வருது?

பொங்கலுக்கு நைனார்பாளையம் போயிருந்தப்போ, சென்னையில வேலை பார்க்குற பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணா, நான் யாருக்குக் கூப்பிட்டாலும் 'லோன் ஜாமீன்'னு காட்டுதாம். இன்டர்வியூ முடிஞ்ச கம்பெனி ஹெச்ஆரே கேட்டுட்டாங்க. நான் லோனே வாங்கலையே?"

விசாரிச்சா, பைக் லோன் வாங்கின ஃப்ரெண்ட் இவன் நம்பரை ரெஃபரன்ஸா கொடுத்திருக்கான். வசூலுக்கு வந்த யாரோ அப்படி சேவ் பண்ணியிருக்கணும்.

இதுதான் காலர் ஐடி ஆப்கள்ல இருக்குற சிக்கல். அந்த ஆப் உங்க போன்ல இருக்கவே வேண்டாம். மத்தவங்க கொடுக்குற பேர்தான் உங்க பேர். 2009-ல ஸ்வீடன்ல ஆரம்பிச்ச ட்ரூகாலருக்கு இன்னைக்கு மிகப் பெரிய சந்தையே இந்தியாதான். அதுல இருந்து விலகணும்னா ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணா மட்டும் போதாது. முதல்ல அக்கவுண்ட்டை மூடணும், அப்புறம் அவங்க வெப்சைட்ல 'அன்லிஸ்ட்' கொடுக்கணும்.

அடுத்து வர்றது சிஎன்ஏபி. 2024 பிப்ரவரியில ட்ராய் பரிந்துரைச்சது. இதுல சிம் வாங்கும்போது கொடுத்த விண்ணப்பத்துல இருக்குற பேர்தான் திரையில வரும். நம்ம ஊர்ப் பக்கம் பாதிப் பேரோட சிம் அப்பா பேர்லயோ மாமா பேர்லயோதான் இருக்கு! நீங்க கூப்பிட்டா அப்பா பேர் வரும். உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு 'சஞ்சார் சாத்தி' தளத்துல இன்னைக்கே பாருங்க. உங்களுக்குத் தெரியாத நம்பர் இருந்தா அங்கேயே புகார் பண்ணலாம்.

ஒரு விஷயம், திரையில பேர் வந்துட்டா நம்பிடாதீங்க. வேறொருத்தர் பேர்ல வாங்கின சிம்முக்கும் நிஜப் பேர்தான் வரும். பேங்க்னு சொல்லி அழைப்பு வந்தா நம்பரைப் பாருங்க. பேங்குகளோட சேவை அழைப்பு 1600-ல ஆரம்பிக்கணும்; 2026 ஜனவரி 1-க்குள்ள மாறணும்னு ட்ராய் சொல்லிடுச்சு. 140 வந்தா விளம்பரம். சாதாரண பத்து இலக்க நம்பர்ல "கேஒய்சி"ன்னு ஆரம்பிச்சா கட் பண்ணுங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930.

லோன் ஆப் உங்க காண்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்டா அங்கேயே நிறுத்திடுங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி அவங்க அதைத் தொடவே கூடாது. நீங்க 'அலவ்' கொடுத்தா மாட்டுறது நீங்க மட்டும் இல்ல, உங்க போன்ல இருக்குற எல்லாரும்தான்.

தம்பி நம்பரை அன்னைக்கே நீக்கக் கொடுத்தோம். சிம் அவங்க அப்பா பேர்ல இருக்கு; அடுத்த லீவுல ரெண்டு பேரும் சின்னசேலம் போய் மாத்திக்கிறேன்னு சொல்லியிருக்கான். அன்லிஸ்ட் பண்ற முறையை வீடியோவுல காட்டியிருக்கேன். உங்க நம்பருக்கு என்ன பேர் வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, நம்பரை மட்டும் போட்டுடாதீங்க!