பட்டணத்துச் சம்பளமும் ஊர்ச் செலவும்

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்குக் குடிபோகலாமா என்று யோசனை கேட்கும் சிறு விவசாயிகள் பலர். அங்கே ஓட்டுநர் வேலைக்கு மாதம் 25,000 ரூபாய் கிடைக்கிறது. இங்கே சாகுபடிச் செலவு போக மாதத்திற்கு 12,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது தவறு.

12,000 என்பது விற்ற விளைச்சலின் பணம் மட்டுமே. வீட்டில் சமைத்த அரிசியும் கறந்த பாலும் அதில் இல்லை. நால்வர் உள்ள குடும்பத்திற்குப் பட்டணத்தில் மாதம் 40 கிலோ அரிசியைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்கினால் 2,000 ரூபாய். தினம் ஒரு லிட்டர் பாலுக்கு 1,500. வீட்டு வாடகை 8,000. ஆக 11,500 போக, கையில் நிற்பது 13,500. குத்தகைப் பணத்தை இதனுடன் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர், காய்கறி, பஸ் செலவுகளையும் கழிக்க வேண்டும்.

சிலர் செய்தித்தாளில் வரும் விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்து ஊருக்கு ஊர் ஒப்பிடுகிறார்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான குறியீட்டில் சென்னை, கோவை, மதுரை, சேலம் ஆகியவற்றுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில், அந்த ஆண்டின் விலை ஒவ்வோர் ஊருக்கும் 100. ஓர் ஊருக்கு 140, மற்றோர் ஊருக்கு 150 என்று இருந்தால், இரண்டாவது ஊரில் விலை வேகமாக ஏறியது என்றுதான் பொருள். அங்கே எல்லாம் விலை அதிகம் என்று பொருளல்ல. படித்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள்.

மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமங்களில் 5,310 ரூபாய். நகரங்களில் 7,630 ரூபாய். இதுவும் விலை வித்தியாசம் அல்ல. நகரத்தார் வாங்கும் பொருள்களும் அளவும் வேறு. மேலும், சொந்த வீட்டில் இருப்போருக்கு வாடகை மதிப்பு இதில் சேர்க்கப்படவில்லை. புதிதாக வாடகைக்குப் போகிறவருக்கு இடைவெளி இன்னும் கூடும்.

குடும்பத்தை ஊரிலேயே வைத்துவிட்டு, அறையைப் பகிர்ந்துகொண்டு ஒருவர் மட்டும் போவதானால் கணக்கே வேறு. பல வீடுகளில் அது கட்டுப்படியாகிறது. பள்ளிக்கூடம், மருத்துவ வசதி ஆகியவற்றுக்காக எல்லோரும் போவதிலும் நியாயம் உண்டு.

எப்படியானாலும், முடிவு செய்யுமுன் ஒரு மாதம் வீட்டில் புழங்கும் பொருள்களை எடையோடு நோட்டில் எழுதி வாருங்கள். வயலிலிருந்து வந்ததையும் விடாதீர்கள். குடிபோகும் பகுதியில் உள்ள உறவினரிடம் அதே ரகப் பொருள்களின் விலையையும், வாடகையையும், முன்பணத்தையும் கேட்டு எதிரே எழுதுங்கள். முன்பணத்திற்காக நகையை அடகு வைப்பதானால், அந்த வட்டியையும் வாடகையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.